முதலைக்கு முளைத்த விரல்கள்

முதலையை முதன்முறையாகத் தண்ணீரில் இறக்கிய அன்று கால்வாய்க் கரையில் இருந்தவர்கள்: அம்மா, அப்பா, கொசு, கொசுவின் தம்பி ஏப்பம், குடை பிடித்த பெண் அதிகாரி ஒருவர், யாருடையது என்று தெரியாத ஒரு நாய்.

முதலை என்றால் நிஜ முதலை இல்லை. அம்மா செய்த இயந்திரம். கால்வாயில் மிதக்கும் குப்பையை அள்ளுவதற்காகச் செய்தது. இரண்டு பக்கமும் நீலப் பீப்பாய்கள் மிதக்கும். நடுவில் சரிவாக ஒரு ரப்பர் பட்டை ஓடும். பட்டையின் கீழ்முனை தண்ணீரில் இருக்கும். மேல்முனைக்குப் பின்னால் ஒரு கூடை இருக்கும். குப்பை பட்டையில் ஏற வேண்டும், மேலே போக வேண்டும், கூடையில் விழ வேண்டும். அவ்வளவுதான். முன்பக்கம் வாயைத் திறந்து வைத்தது மாதிரி இருந்ததால் ஏப்பம் அதற்கு முதலை என்று பெயர் வைத்தான்.

கொசு, ஏப்பம் இரண்டும் வீட்டில் கூப்பிடும் பெயர்கள். கொசுவுக்குப் பத்து வயது. காதுப் பக்கமாக வந்து நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பெயர். ஏப்பத்துக்கு ஐந்து வயது. அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை.

"ஓட்டுங்க, பார்க்கலாம்" என்றார் அதிகாரி. அவர் கால்வாய் அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். சிரிக்காத முகம். ஆனால் கெட்ட முகம் இல்லை.

அம்மா சுவிட்சைத் தட்டினாள். பட்டை ஓடியது. ஒரு பிளாஸ்டிக் பை மெதுவாக மிதந்து வந்தது.

"வருது, வருது!" என்று ஏப்பம் குதித்தான்.

வந்த பை முதலையின் வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு பட்டைக்கு அடியில் நுழைந்து போய்விட்டது. அடுத்த பையும் அப்படியே. மூன்றாவது பை, கீழே இருந்த உருளையில் சுற்றிக்கொண்டது. கொர்ர்ர் என்று ஒரு சத்தம். பட்டை நின்றுவிட்டது. மோட்டாரிலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது.

அதிகாரி கூடையை எட்டிப் பார்த்தார். அதற்குள் ஒரே ஒரு செருப்பு கிடந்தது.

"அது என்னோடது" என்றான் ஏப்பம். குதித்தபோது கழன்று விழுந்திருக்கிறது.

"பட்டறையில நல்லா ஓடுச்சுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார் அதிகாரி.

"ஓடுச்சு மேடம். தொட்டியில ஒரு பாட்டில்கூட மிஞ்சல. எல்லாத்தையும் அள்ளிடுச்சு."

"இது தொட்டி இல்லையே." அதிகாரி குடையை மடக்கினார். "அடுத்த சனிக்கிழமை வர்றேன். இன்னொரு தடவை பார்க்கலாம். அதுக்கப்புறம் நான் நினைச்சாலும் முடியாது."

நாய் மட்டும் வாலை ஆட்டியது.

*

அம்மாவுக்கு வெல்டிங் பட்டறை இருந்தது. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. முன்பெல்லாம் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்துகொண்டிருந்தாள். குப்பை அள்ளும் இயந்திரத்தை யார் செய்து காட்டுகிறார்களோ, அவர்களுக்கே அதை ஓட்டும் வேலையும் தருவோம் என்று கால்வாய் அலுவலகம் அறிவித்தது. அன்றிலிருந்து அம்மா வேறு எதையும் தொடவில்லை. கேட் கேட்டு வந்தவர்கள் எல்லாம் கடைத்தெருப் பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "கப்பல் கட்டுற இடத்துல இன்னும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்காங்க. அடுத்த சனிக்கிழமையும் சரியா வரலைன்னா, முதலையை உடைச்சு இரும்புக் கடையில போட்டுட்டு நான் கிளம்பிடுறேன்."

கப்பல் கட்டும் இடம் ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம்.

"எப்ப வருவே?" என்று கேட்டான் ஏப்பம்.

"மாசத்துக்கு ஒரு தடவை."

"அவ்ளோதானா?"

"சாப்பிடு."

கொசு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

*

பட்டறைக்குப் பின்னால் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை அம்மா முதலையை மறுபடியும் அதில் இறக்கினாள். அப்பா கொண்டுவந்து வைத்திருந்த குப்பையைக் கொட்டினாள். தினமும் வேலை முடிந்து வரும்போது கால்வாயில் வலை போட்டுக் குப்பை எடுத்து வருவது அப்பாவின் பொறுப்பு.

முதலை எல்லாவற்றையும் அள்ளியது. பாட்டில், பை, டப்பா, ஒன்று பாக்கி இல்லை.

"இங்க ஓடுது. அங்க ஓடல" என்றாள் அம்மா. மோட்டாரைக் கழற்றினாள். மாட்டினாள். உருளையைக் கழற்றினாள். மாட்டினாள். "அப்ப என் கணக்குலதான் எங்கேயோ கோளாறு. தெரியாத வேலையில கையை வெச்சிருக்கக் கூடாது."

அம்மா இப்படிப் பேசி கொசு கேட்டதில்லை. அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கூடையில் இருந்த பாட்டில் ஒன்றைச் சும்மா எடுத்துப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. முகர்ந்தாள். எலுமிச்சை வாசம்.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் எலுமிச்சை. இரண்டுக்கும் மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது.

ஒரு பையை எடுத்து விரித்தாள். கைக்குட்டையை நாலாக மடித்துத் தேய்த்தால் கோடு விழுமே, அந்த மாதிரிக் கோடு இருந்தது.

கால்வாயில் இப்படி ஒரு பையை கொசு ஒரு நாளும் பார்த்ததில்லை.

*

அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே எப்போதும் ஆவி அடித்துக்கொண்டிருக்கும். பெரிய பெரிய இயந்திரங்கள் படுக்கை விரிப்புகளைச் சுற்றிச் சுற்றித் துவைக்கும். அப்பா ஒரு துளி அழுக்கைப் பார்த்தால் தூங்க மாட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கொசு நேராக அங்கே போனாள். பின்கட்டில் கொடி கட்டியிருந்தது. வெள்ளை விரிப்பு, வெள்ளை விரிப்பு, அதற்குப் பக்கத்தில் வரிசையாக பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிப்.

அப்பா ஒரு பாட்டிலைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தார். கொசுவைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அப்பா, குப்பையைத் துவைக்கிறீங்களா?"

"துவைக்கல" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "அலசுறேன்" என்றார்.

"சோப்பு போட்டா?"

"சோப்பு போடாம எப்படிம்மா அலசுறது?"

"எதுக்குப்பா?"

"எதுக்கா? அந்தத் தொட்டியில நீ கையை விடுற, உன் தம்பி காலையே விடுறான். உங்கம்மா நாள் முழுக்க அது பக்கத்துலதான் நிக்கிறா. கால்வாய்த் தண்ணியில என்னென்ன கிருமி இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டு வரச் சொல்றியா?"

"மூடி?"

"உள்ள மறுபடி அழுக்குப் போகக் கூடாதுல்ல? அதான் தேடிப் புடிச்சுப் போட்டேன்."

"மடிச்சது?"

"கசங்கி இருந்துச்சே!"

கொசு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "அப்பா, நிஜக் குப்பைக்கு மூடி இருக்காது. உள்ள தண்ணி போயிருக்கும். பாதி மூழ்கிக் கிடக்கும். பையெல்லாம் சேறு நிரம்பி தண்ணிக்கு அடியில தொங்கும். நீங்க குடுத்த குப்பை எல்லாம் மேலேயே மிதக்குது. முதலைக்கு அதைத்தான் அள்ளத் தெரியும்."

அப்பா கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். அழுக்கு விரிப்பு மூட்டை ஒன்றின் மேல் மெல்ல உட்கார்ந்தார். அழுக்கு மூட்டை மேல் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அப்ப உங்கம்மா ஊருக்குப் போறது என்னாலயா?"

"இன்னும் போகலையேப்பா."

"நான் சொல்லிடுறேன். இன்னிக்கே அவகிட்ட சொல்லிடுறேன்."

அன்று சாப்பாட்டின்போது அப்பா வாயைத் திறந்தார். "இங்க பாரு..." என்றார்.

"என்ன?" என்றாள் அம்மா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தண்ணி குடு" என்றார் அப்பா.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் "இங்க பாரு" என்றார். மறுபடியும் தண்ணீர் வந்தது. அன்று அப்பா ஒரு குடம் தண்ணீர் குடித்திருப்பார்.

கொசு பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா சொல்லட்டும், சொல்லாமல் போகட்டும். குப்பையை மாற்றினால் போதும். நிஜக் குப்பையை வைத்து ஓட்டினால் கோளாறு எங்கே என்று அம்மாவே கண்டுபிடித்துவிடுவாள். அப்பா பேரை யாரும் எடுக்க வேண்டியதில்லை.

*

மறுநாள் சாயங்காலம் கொசுவும் அப்பாவும் கால்வாய்ப் படிக்கட்டுக்குப் போனார்கள். சலவைக்கூடத்தின் நீளமான ரப்பர் கையுறை கொசுவுக்குத் தோள் வரைக்கும் வந்தது. அப்பா மூக்கில் துணி கிளிப் மாட்டியிருந்தார். ஒரு கையால் படிக்கட்டுக் கம்பியையும் இன்னொரு கையால் கொசுவின் இடுப்புப் பட்டையையும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடினா நான் விழுந்தா எப்படிப்பா தெரியும்?"

"கனம் தெரியும்" என்றார் அப்பா மூக்கடைத்த குரலில்.

கொசு ஒரு தட்டையான பலகையை நீட்டிச் சேற்றுப் பையைத் தூக்கினாள். பை வழுக்கிக்கொண்டு தண்ணீரிலேயே விழுந்தது. மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் விழுந்தது. பலகையை ஓரமாகப் போட்டுவிட்டுக் கையை விட்டாள். மேலாகப் பிடித்தபோது பை நழுவியது. கையை நன்றாக ஆழமாகப் பைக்கு அடியில் கொண்டுபோய், விரல்களை விரித்து, கொஞ்சம் மடக்கித் தூக்கினாள். தண்ணீர் விரல் இடுக்கில் வழிந்து ஓடியது. பை கையில் நின்றது.

கொசு அப்படியே நின்று தன் கையைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? பாம்பா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"இல்லப்பா. கை."

*

வாளிவாளியாகக் கொண்டுவந்த குப்பையைக் கொசு தொட்டியில் கொட்டினாள். வெல்டிங் செய்துகொண்டிருந்த அம்மா முகக்கவசத்தைத் தூக்கினாள்.

"என்னடி இது, குடலைப் புரட்டுது?"

"நிஜக் குப்பைம்மா."

"அப்ப இத்தனை நாளா இங்க இருந்தது?"

அப்பா சுவரில் இருந்த ஆணியை உற்றுப் பார்த்தார்.

"அப்பா குளிப்பாட்டின குப்பை" என்றான் ஏப்பம். "சோப்பு போட்டு, காயவெச்சு, கிளிப் எல்லாம் போடுவாரு. எனக்கு அப்பவே தெரியும். யாருமே என்னைக் கேக்கல."

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"நானே சொல்லணும்னுதான்..." என்றார் அப்பா. "நேத்து முழுக்க வாய் வரைக்கும் வந்துச்சு."

"அதான் அவ்வளவு தண்ணி குடிச்சீங்களா?"

அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொசுவுக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது பார்த்தால் இரண்டும்தான்.

"குப்பைக்குக் கிளிப்பு போட்டு..." என்றாள் அம்மா. அதற்கு மேல் பேச முடியாமல் திணறினாள். "அப்ப என் கணக்கு தப்பில்ல. குப்பைதான் தப்பு."

"கோபமா?" என்றார் அப்பா.

"கோபம்தான். அதை ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம். இப்ப சுவிட்சைப் போடுங்க."

முதலை ஓடியது. சேற்றுப் பை அடியில் நுழைந்தது, உருளையைச் சுற்றியது. கொர்ர்ர். பட்டை நின்றது.

"நின்னுடுச்சு!" என்று அம்மா கைதட்டினாள். தான் செய்த இயந்திரம் நின்றுபோனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்தத் தெருவே பார்த்திருக்காது. "இப்பதான் எனக்குத் தெரியுது எங்க நிக்குதுன்னு. ஆனா எப்படித் தூக்கறது?"

"முதலைக்கு விரல் வேணும்மா" என்றாள் கொசு.

"முதலைக்கு ஏதுடி விரல்?"

கொசு சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டாள். ஆழமாக, பைக்கு அடியில், விரலை விரித்து, மடக்கித் தூக்கிக் காட்டினாள். "தட்டையா இருந்தா வழுக்குது. மேலாப்புல பிடிச்சா நழுவுது. இப்படிப் பண்ணினா வருது."

அம்மா கொசுவின் ஈரக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு மெல்லிய கம்பியை எடுத்து அந்த விரலோடு ஒட்டி வைத்தாள். விரல் வளைந்த மாதிரியே கம்பியை வளைத்தாள்.

"அசையாம இரு."

"இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"அஞ்சு விரல் இருக்குல்ல."

கொசுவுக்குக் கை வலித்தது. ஆனாலும் அசையவில்லை. அம்மாவின் கையிலும் சேறு, அவள் கையிலும் சேறு. அப்பா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோப்பு எடுத்துவரப் போனார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் தீப்பொறி பறந்தது. பட்டையில் வரிசை வரிசையாகக் கம்பி விரல்கள் முளைத்தன. முதலையின் வாய் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீருக்குள் இறங்கியது. அம்மா பட்டறை பெஞ்சிலேயே கொஞ்சம் படுப்பாள், எழுந்துவிடுவாள். அப்பா தினமும் அலசாத குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார். மூத்திரம் போன குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி வாளியை உடம்பில் படாமல் தூக்கி வருவார். கொட்டியதும் நேராகக் குளிக்கப் போவார்.

*

சனிக்கிழமை அதிகாரி வந்தார். நாயும் வந்தது. ஏப்பத்தின் செருப்பை அப்பா முன்கூட்டியே கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார்.

அம்மா சுவிட்சைத் தட்டினாள். பட்டை ஓடியது. ஒரு சேற்றுப் பை வந்தது. வழக்கம்போல அடியில் நுழையப் பார்த்தது. கம்பி விரல்கள் கீழே போய், அதை அடியோடு வாரித் தூக்கின. விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது. பை மேலே போனது. தொப்.

அடுத்தது ஒரு பாட்டில். தொப். ஒரு டப்பா. தொப். யாரோ தூக்கி எறிந்த கிழிந்த பந்து. தொப். அதிகாரி குடையை மறந்துவிட்டார். அது நடைபாதையில் விரித்தபடியே கிடந்தது.

அப்போது வளைவிலிருந்து ஒரு சாக்கு வந்தது. பெரிய சாக்கு. முழுக்கச் சேறு. விரல்கள் அதைப் பிடித்தன. தூக்க முடியவில்லை. மோட்டார் முனகியது. முதலையின் வாய் தண்ணீருக்குள் அமிழ ஆரம்பித்தது.

"நிறுத்திடலாமா?" என்றார் அதிகாரி.

அம்மா சுவிட்சின் மேல் கையை வைத்தாள். நிறுத்தினால் எல்லாம் முடிந்தது என்று கொசுவுக்குத் தெரியும்.

"அம்மா, சாக்கைக் கிழிச்சா போதும்! சேறு போயிட்டா கனம் போயிடும்!"

"யாருடி கிழிக்கிறது?"

தண்ணீரில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. அப்பா. வெள்ளைச் சட்டை. கையுறை இல்லை, மூக்கில் கிளிப் இல்லை. இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நடந்து போனார். பட்டையில் கை படாமல், சாக்கின் அடிப்பக்கத்தை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சர்ரென்று கிழிந்தது. சேறு மொத்தமும் அவர் மேல் கொட்டியது. காலிச் சாக்கு விரல்களில் தொங்கிக்கொண்டே மேலே போய்க் கூடையில் விழுந்தது.

"யாரு அவர்?" என்று கேட்டார் அதிகாரி.

"என் வீட்டுக்காரர்" என்றாள் அம்மா.

"கையுறைகூடப் போடாம இறங்கிட்டாரே?"

"அதைத்தான் மேடம் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

கூடை நிரம்பியதும் அம்மா முதலையை நிறுத்தினாள். அதிகாரி கூடையைப் பார்த்தார். கால்வாயைப் பார்த்தார். முதலை நின்ற இடத்தைச் சுற்றித் தண்ணீர் தெரிந்தது. வெறும் தண்ணீர்.

"திங்கட்கிழமையே வேலையை ஆரம்பிச்சிடுங்க" என்றார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டறதுக்கு இன்னொண்ணு வேணும். செய்வீங்களா?"

"செய்வேன்."

"அந்த விரல் நல்ல யோசனை."

"என் பொண்ணோடது."

"யோசனையா?"

"யோசனையும்தான், விரலும்தான்."

அதிகாரி கொசுவின் கையை வாங்கிப் பார்த்தார். அந்தச் சிரிக்காத முகம் அப்போதுதான் சிரித்தது.

அதிகாரி போனதும் அம்மா போனை எடுத்தாள். "கப்பல் வேலைக்கு நான் வரலீங்க" என்றாள். "இல்லீங்க. யோசிச்சுட்டுதான் சொல்றேன். வரல."

*

வீட்டுக்கு வந்ததும் கொசு பாயை விரித்துத் தலையணையைப் போட்டாள். "தூங்கும்மா" என்றாள். அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள்.

"மோட்டாருக்கு எண்ணெய் விடணும்."

"அப்பா விட்டுட்டார். போ."

மறுபடியும் வந்தாள். "அடுத்ததுக்குப் பீப்பாய் சொல்லி வைக்கணும்டி."

"நாளைக்குச் சொல்லலாம். போம்மா."

மூன்றாவது தடவை வந்தபோது அம்மா எதற்காக வந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நின்றபடியே கண் மூடியது.

"நான் எங்கேயும் போகலடி" என்றாள் தூக்கத்தில்.

"தெரியும்மா."

கொசு அம்மாவின் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி அறைக்குள் தள்ளினாள். ஏப்பம் பட்டறைப் பூட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். கொசு அறைக் கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளை இழுத்து, பூட்டை மாட்டிப் பூட்டினாள்.